வாயா கோன் டியோஸ்: மூவர் தொடங்கிய குழு, ஒருவர் பெயரில் நின்ற கதை

அடிநாதம் எழுதியது:

பெல்ஜியத்தின் வாயா கோன் டியோஸ் குழுவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது பாடகி டானி கிளைனின் கதையாகவே முடிந்துவிடுகிறது. குரல் அவருடையது, பாடல் வரிகளில் பெரும்பகுதி அவருடையது, 1991க்குப் பிறகு குழுவின் பெயரைச் சுமந்து வந்தவரும் அவர்தான் என்பதால் இதில் வியப்பில்லை. ஆயினும் முதல் இரண்டு ஆல்பங்களை அண்மையில் வரிசையாக மீண்டும் கேட்டபோது ஒரு எண்ணம் வலுப்பட்டது. அதை இங்கே வைத்து, மறுப்புகளைக் கேட்க விரும்புகிறேன்.

குழு 1986இல் பிரசெல்ஸில் மூவரால் தொடங்கப்பட்டது: பாடகி டானி கிளைன், டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும், தாழ்ந்த சுரங்களைத் தரும் பெரிய நரம்பு வாத்தியம்) கலைஞர் டிர்க் ஸ்கௌஃப்ஸ், கிதார் கலைஞர் வில்லி லாம்பிரெக்ட். கிளைனும் லாம்பிரெக்டும் அதற்கு முன் ஆர்பெய்ட் ஆடெல்ட் என்ற பிளெமிஷ் (பெல்ஜியத்தின் டச்சு பேசும் வடபகுதியைச் சேர்ந்த) குழுவில் இருந்தவர்கள். அந்தக் குழுவோ சின்தசைசர்களை நம்பிய, கேலியும் கிண்டலும் நிறைந்த, எண்பதுகளின் புதிய அலையைச் சேர்ந்த குழு. அங்கிருந்து வந்த இருவர், மரத்தாலான ஒரு பெரிய டபுள் பேஸையும் ஒரு கிதாரையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஜிப்சி இசை, ஜாஸ், புளூஸ், இலத்தீன் அமெரிக்கத் தாளங்கள் என்று திரும்பியது எனக்கு இன்றைக்கும் துணிச்சலான முடிவாகவே படுகிறது. யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்தசைசர் இல்லாத ஒலிப்பதிவுக்கூடத்தைக் காண்பது அரிதாக இருந்த காலம் அது. 1987 தொடங்கிப் பெல்ஜியத்தின் இரவு விடுதிகளை நியூ பீட் என்ற மெதுவான, இருண்ட இயந்திரத் தாளம் பிடித்துக்கொண்டிருந்தது. அதே நாட்டிலிருந்து 1989இல் டெக்னோட்ரானிக் என்ற நடன இசைக் குழு உலகம் முழுவதையும் ஆடவைத்தது.

இந்த எதிர்நீச்சலுக்குக் காரணம் ஸ்கௌஃப்ஸின் டபுள் பேஸ் என்பது என் கருத்து. 1987இல் வெளிவந்து பிரான்சில் பெரிதாக விற்ற ‘ஜஸ்ட் எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ பாடலையும், 1988இன் முதல் ஆல்பத்தில் உள்ள ‘டோன்ட் க்ரை ஃபார் லூயி’ பாடலையும் கேளுங்கள். பாடகியின் குரலுக்குக் கீழே எவ்வளவு காலி இடம் விடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அந்த இடத்தை நிரப்பாமல் விட்டவரே குழுவின் உண்மையான கட்டடக் கலைஞர் என்கிறேன். அவர் 1991 மே மாதம் இறந்தார். அதற்குப் பிறகு வந்த ஆல்பங்கள் மோசமானவை அல்ல. ஆனால் அந்தக் காலி இடம் மட்டும் திரும்ப வரவே இல்லை.

பழைய இசைத்தட்டு எழுதியது:

நல்ல தொடக்கம். எனினும் ‘எதிர்நீச்சல்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பெல்ஜியத்தை மட்டும் பார்த்தால் அது எதிர்நீச்சல்போலத் தெரியும். ஆங்கிலக் கால்வாயின் மறு கரையைப் பார்த்தால் அப்படித் தெரியாது. 1984இலேயே இலண்டனில் பாடகி ஷாடே தன் ஜாஸ் சாயல் கொண்ட முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார். அதே ஆண்டில் மாட் பியாங்கோ குழு பிரேசிலின் இசை வகைகளான சாம்பாவையும் பொசா நோவாவையும் விற்பனை வரிசைக்குள் கொண்டுவந்துவிட்டது. 1987இல் பிரான்சின் தெற்கிலிருந்து ஜிப்சி கிங்ஸ் குழு ‘பம்போலேயோ’ பாடலோடு புறப்பட்டது. ஆகவே, 1987இல் ஸ்பானிய வாடை வீசும் கிதாரோடும் ஜாஸ் பேஸோடும் ஒரு பிரசெல்ஸ் குழு பிரெஞ்சு வானொலிக்குள் நுழைந்தபோது, கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. பிரசெல்ஸில் ‘இலத்தீன்’ இசை செய்வது ஐம்பதுகளிலிருந்தே ஒரு தொழில். 1958இல் ‘எஸோ எஸ் எல் அமோர்’ பாடலால் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட சகாச்சாஸ் குழுவைக் கியூபாவிலிருந்து வந்த குழு என்று நம்பியவர்கள் பலர். தாளக் கலைஞர் காஸ்தோன் போகார்ட் நடத்திய பெல்ஜியக் குழு அது. அவர்களுடைய ‘ஜங்கிள் ஃபீவர்’ 1972இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் 8ஆம் இடம்வரை ஏறியது. எழுபதுகளில் டூ மேன் சவுண்ட் என்ற மற்றொரு பெல்ஜியக் குழு ‘சார்லி பிரவுன்’, ‘டிஸ்கோ சாம்பா’ ஆகிய பாடல்களால் பிரேசிலின் சாம்பாவைக் கொண்டாட்டக் கூடங்களுக்கு ஏற்ற வடிவில் விற்றது. 

ஆகவே வாயா கோன் டியோஸ் குழுவை இந்த வரிசையில் மூன்றாவதாக வைத்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு குழுக்களும் தங்களை வேறு நாட்டவராகக் காட்டிக்கொண்டன, அல்லது ரசிகர்கள் அப்படி நினைப்பதைத் தடுக்கவில்லை. மூன்றாவது குழுவோ ஸ்பானியப் பெயரைச் சூட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பாடியது. தான் பிரசெல்ஸ்காரன் என்பதை மறைக்கவும் இல்லை. எனக்கு இந்த வேறுபாடுதான் முக்கியமானது. டபுள் பேஸ் இரண்டாவது.

மாலைநேர வானொலி எழுதியது:

அடிநாதம் அவர்களின் கருத்தோடு எனக்கு நேரடியான கருத்து வேறுபாடு உண்டு. ஒரு பெண் பாடகி முன்னால் நிற்கும் குழுவைப் பற்றி எழுதும்போதெல்லாம், பின்னால் வாத்தியம் வாசித்த ஆணைத் தேடிக் கண்டுபிடித்து ‘உண்மையான கட்டடக் கலைஞர் இவரே’ என்று அறிவிக்கும் பழக்கம் இசை எழுத்தில் நெடுநாளாக இருக்கிறது. நீங்கள் அந்த நோக்கத்தில் எழுதவில்லை என்று அறிவேன். ஆனாலும் வாதம் அந்தத் தடத்திலேயே போகிறது.

கிளைன் 1953இல் பிறந்தவர். முதல் பாடல் வெற்றி பெற்றபோது அவருக்கு முப்பத்து நான்கு வயது. பாப் உலகம் இருபது வயதுக்காரர்களைத் தேடும் இடம். முப்பத்து நான்கில் ஒரு பெண் முதல் வெற்றியைக் காண்பது அங்கே எளிதில் நடப்பதில்லை. அவர் பாடும் முறையில் அந்த வயது கேட்கிறது. ‘டோன்ட் க்ரை ஃபார் லூயி’ பாடலில், தனக்காக ஒரு துளி கண்ணீரும் சிந்தாத ஒருவனுக்காக அழாதே என்று ஒரு பெண்ணிடம் சொல்லும்போது, அந்தக் குரலில் அறிவுரையின் பாரம் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சிகரெட்டை அணைத்துவிட்டுச் சொல்வதுபோல இருக்கிறது. இதைப் பேஸ் வாத்தியம் உண்டாக்கவில்லை. காலி இடம் இருந்தது உண்மை. அந்தக் காலி இடத்தில் தனியே நிற்கும் துணிவு உள்ள குரல் இல்லாவிட்டால், அது வெறும் அரைகுறை ஒலிப்பதிவாகத்தான் இருந்திருக்கும்.

அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் 1962இல் பாடிய ‘சம்திங்ஸ் காட் எ ஹோல்ட் ஆன் மீ’ பாடலை இந்தக் குழு மறுபடி பாடியதையும் கேட்டுப் பாருங்கள். மூலப் பாடல் தேவாலயத்தின் சுவரை அதிரவைக்கும் வகையைச் சேர்ந்தது. அதோடு போட்டியிடாமல், தன் உயரத்துக்கு ஏற்ற தொனியில் பாடி முடிக்கிறார் கிளைன். தன் குரலின் எல்லையை அறிந்த பாடகரின் முடிவு அது.

புதிய கேட்பாளர் எழுதியது:

இடையில் ஓர் எளிய கேள்வி. ‘இலத்தீன்’, ‘ஜாஸ்’ என்று அனைவரும் எழுதுகிறீர்கள். நான் நேற்று இரவு முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். எனக்கு அது இனிமையான பாப் இசையாகத்தான் கேட்டது. இதில் இலத்தீன் எங்கே, ஜாஸ் எங்கே என்பதை வாத்தியம் அறிந்தவர்கள் சொல்ல முடியுமா?

அடிநாதம் எழுதியது:

மாலைநேர வானொலி அவர்களின் குற்றச்சாட்டுக்குப் பிறகு பதில் சொல்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது, யோசிக்க நேரம் வேண்டும். முதலில் புதிய கேட்பாளரின் கேள்வி.

நான் இருபது ஆண்டுகளாகப் பேஸ் வாசிப்பவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஜாஸ் குழுவில் பேஸ் கலைஞர் வழக்கமாக ஒரு அளவுக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு அடிகள் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரமாக, மாடிப்படியில் நடப்பதுபோல் மேலும் கீழும் நடப்பார்; நடக்கும் பேஸ் என்று அதைச் சொல்வோம். டிரம் கலைஞர் குச்சிக்குப் பதில் கம்பித் தூரிகையால் தோலைத் தடவுவார். கியூப இசையில் நிலைமை தலைகீழ். அங்கே தும்பாவோ என்ற முறையில், பேஸ் கலைஞர் அளவின் முதல் அடியைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு, இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவிலும் நான்காம் அடியிலுமாக விழுவார். கேட்பவருக்குத் தரை சற்றே முன்னால் நகர்வதுபோன்ற உணர்வு உண்டாகும். இது நடப்பதற்கு கோங்கா, போங்கோ, மணி, பியானோ என்று ஒரு படையே சுற்றி இருந்து, தவிர்க்கப்பட்ட முதல் அடியைக் கேட்பவரின் மனத்தில் பிடித்துவைத்திருக்க வேண்டும். பிரேசிலின் பொசா நோவாவில் பேஸ் இன்னும் அமைதியானது. அங்கே கிதார்தான் தாளத்தின் சிக்கலைச் சுமக்கும்.

மூவரை மையமாகக் கொண்ட குழுவிடம் அந்தப் படை இல்லை. பேஸ் முதல் அடியைக் கைவிட்டால் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆகவே இவர்கள் செய்தது ஒரு சமரசம். இலத்தீன் அசைவைக் கிதாரின் வலக்கையிலும் சிறு தாள வாத்தியங்களிலும் வைத்துவிட்டு, பேஸைத் தரையில் நிறுத்தினார்கள். ‘புவேர்டோ ரிக்கோ’ பாடலைக் கேட்டால் இது விளங்கும். தீவின் பெயர் தலைப்பில் இருக்கிறது. நடனக் கூடத்தின் சூடும் இருக்கிறது. ஆனாலும் அத்தீவின் தலைநகரான சான் ஹுவானில் உள்ள நடனக் கலைஞர் ஒருவர் அதைக் கேட்டுத் தன் ஊர் இசை என்று சொல்லமாட்டார். ஜாஸ் பக்கமும் இப்படித்தான்: ஒத்திசைவுகள் ஜாஸிலிருந்து வருகின்றன, ஜாஸின் உயிரான நீண்ட தனி ஆலாபனைக்கு மூன்றரை நிமிடப் பாட்டில் இடம் கிடையாது.

நீங்கள் பாப் என்று கேட்டது தவறல்ல. பாப் வீடுதான், மரச் சாமான்கள் மட்டும் வேறு ஊர்களிலிருந்து வந்தவை.

பிரசெல்ஸ்வாசி எழுதியது:

இந்த நகரத்தில் பல ஆண்டுகள் குடியிருப்பவன் என்ற முறையில் மொழியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பெல்ஜியத்தில் ஒரு பாடகர் எந்த மொழியில் பாடுகிறார் என்பது, வேறு எங்கும் இல்லாத அளவுக்கு, அவர் எங்கே விற்பார் என்பதைத் தீர்மானிக்கும். டச்சு மொழியில் பாடினால் வடக்கே பிளாண்டர்ஸிலும் நெதர்லாந்திலும் கேட்பார்கள். தெற்கே வலோனியா திரும்பிப் பார்க்காது. பிரெஞ்சில் பாடினால் பாரிஸ் ஏற்றுக்கொள்ளலாம், டச்சு பேசும் ஆண்ட்வெர்ப் மௌனமாக இருக்கும். வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் அனைத்தும் மொழிவாரியாகப் பிரிந்த நாடு இது. ஆங்கிலத்தில் பாடுவது உலகச் சந்தைக்கான ஆசை மட்டும் அல்ல. சொந்த நாட்டுக்குள்ளேயே இரு பக்கமும் கேட்கப்படுவதற்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான்.

கிளைனின் இயற்பெயர் டானியேல் ஸ்கூவார்ட்ஸ். பிளெமிஷ் குடும்பப் பெயர். பிறந்தது பிரசெல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில். அது பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் பகுதி. இந்த நகரத்தின் பழைய குடும்பங்களில் வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி என்பது அன்றாடம். அப்படி வளர்ந்தவர்களுக்கு ஸ்பானியத்தில் பெயர் வைத்து ஆங்கிலத்தில் பாடுவது செயற்கையாகத் தோன்றாது. வாயா கோன் டியோஸ் என்றால் ‘இறைவனோடு செல்க’ என்று விடைகொடுப்பது. நம் மொழியில் ‘போய் வருகிறேன்’ என்றுதான் விடைபெறுவோம், ‘போகிறேன்’ என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் கோபிப்பார்கள். இந்தக் குழு இரண்டு முறை விடைபெற்று இரண்டு முறையும் திரும்பி வந்ததை நினைத்தால், ஸ்பானியப் பெயரைவிடத் தமிழ் வழக்கமே அவர்களுக்குப் பொருத்தம்.

பழைய இசைத்தட்டு சொன்ன வரிசையில், பெல்ஜியத்தின் காலனியாக இருந்த கொங்கோவையும் சேர்க்க வேண்டாமா? 1960 ஜனவரியில் கொங்கோ விடுதலை பற்றிய வட்டமேசை மாநாடு இங்கே நடந்தபோது, ஜோசப் கபாசெலேயின் ஆஃப்ரிக்கன் ஜாஸ் குழு கூடவே வந்து, விடுதலையைக் கொண்டாடும் புகழ்பெற்ற சா-சா-சா பாடலை இந்த நகரத்தில்தான் முதலில் பாடியது. கியூபாவின் தாளம் இசைத்தட்டுகள் வழியாக ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி, அங்கே ரும்பாவாகி, பிறகு பிரசெல்ஸுக்கு வந்தது. இக்செல் பகுதியின் மத்தோங்கே தெருக்களில் அந்த இசை இன்றைக்கும் கடைவாசல்களில் ஒலிக்கிறது. பிரசெல்ஸில் ‘இலத்தீன்’ என்று எதைச் சொன்னாலும் அதன் ஒரு கால் கொங்கோவின் தலைநகரான கின்ஷாசாவில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

பிரசெல்ஸ்வாசி அவர்களே, வரலாறு சரி. அதை இந்தக் குழுவோடு கட்டும் முடிச்சு மட்டும் தளர்வாக இருக்கிறது. கொங்கோ ரும்பாவின் அடையாளம் செபேன் என்ற பகுதி. பாட்டின் பிற்பாதியில் குரல் ஒதுங்கிக்கொள்ள, இரண்டு மூன்று கிதார்கள் மின்னும் சுரங்களைப் பின்னிக்கொண்டே போகும். வாயா கோன் டியோஸின் எந்த ஆல்பத்திலும் அதன் நிழலைக்கூட நான் கேட்டதில்லை. அவர்களுடைய கிதார் வேறு வீட்டுக்காரர். கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜிப்சி ஜாஸுக்கு உறவினர். ஜாங்கோ 1910இல் பிறந்ததே பெல்ஜியத்தின் லிபெர்ஷியில்தான். ஆகவே அந்தப் பக்கத்தை வெளியிலிருந்து வாங்கிய சரக்கு என்று சொல்லவே முடியாது. பிரசெல்ஸின் மாரோல் பகுதியில் பிறந்து வாய் ஆர்மோனிகாவை ஜாஸ் வாத்தியமாக்கிய டூட்ஸ் தீலெமான்ஸையும் இதே வாக்கில் நினைக்கலாம். ஒரே நகரத்தில் ஒலிப்பவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தெரு இசை காதில் விழாமலே ஒரு ஆயுள் கழிவதும் உண்டு.

மாலைநேர வானொலி எழுதியது:

நாம் இன்னும் 1990ஐத் தொடவே இல்லை! இரண்டாவது ஆல்பமான ‘நைட் அவுல்ஸ்’தான் இவர்களைப் பிரான்சுக்கு வெளியே கொண்டுசென்றது. அதிலிருந்து வந்த ‘வாட்ஸ் எ வுமன்’ நெதர்லாந்தின் விற்பனை வரிசையில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. தெற்கு அண்டைவீட்டுக்காரர்களை நகைச்சுவைத் துணுக்குகளில் மட்டுமே நினைவுகூரும் டச்சுக்காரர்கள், ஒரு பெல்ஜியக் குழுவை அந்த இடத்தில் உட்காரவைத்தது சிறிய செய்தி அல்ல.

அந்தப் பாடலில் இலத்தீனும் இல்லை, ஜாஸும் குறைவு. மிக மெதுவான சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சி மிகுந்த இசை வகை) பாடல். இந்த விவாத இழையின் அடிப்படையே ஆட்டம் காணும் இடம் இது: இலத்தீன்–ஜாஸ் கலவைக்குப் பெயர்பெற்ற குழுவின் மிகப் பெரிய பாடல் இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆண் துணை நிற்காவிட்டால் ஒரு பெண் என்னவாகிறாள் என்று பல்லவி கேட்கிறது. முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. இது என்ன பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வரிகளைத் தொடர்ந்து கேட்டபோது, அந்தக் கேள்விக்கு அடுத்து வருவது மறைப்பதற்கு இரகசியம் வைத்திருக்கும் பெண்ணைப் பற்றிய கேள்வி என்பதைக் கவனித்தேன். பாடகி பதில் சொல்லவில்லை. கேள்வியை நம் முன்னால் வைத்துவிட்டு விலகிவிடுகிறார். அதை அவர் பாடும் விதத்தில் கெஞ்சல் இல்லை. பதில் தனக்குத் தெரியும் என்ற அலுப்பு இருக்கிறது.

அதே ஆல்பத்தின் ‘நா நே நா’ இதற்கு நேர் எதிர்த் துருவம். மனச்சோர்வில் இருக்கும் ஒருத்தி தொலைபேசியை எடுத்துத் தோழிகளை அழைத்து, இரவில் வெளியே கிளம்பும் பாட்டு. பொருளில்லாத அசைகளே பல்லவி. எந்த மொழிக்காரரும் முதல்முறை கேட்கும்போதே கூடப் பாடலாம். மூன்று மொழிகள் முட்டிக்கொள்ளும் நாட்டில் இதைவிடப் புத்திசாலித்தனமான பல்லவி எது?

அடிநாதம் எழுதியது:

இப்போது என் கடன். மாலைநேர வானொலி அவர்கள் சொன்னதை ஏற்று, ‘உண்மையான கட்டடக் கலைஞர்’ என்ற தொடரைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வாதத்தின் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் புகழ்ந்த இரண்டு பாடல்களிலும் கிளைனின் பெயரோடு ஸ்கௌஃப்ஸின் பெயரும் இயற்றியவர்களில் இருக்கிறது. லாம்பிரெக்டோ முதல் ஆல்பத்தின் காலத்திலேயே விலகி, பிளாண்டர்ஸின் தி ஸ்காப்ஸ் ராக் குழுவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ழான்-மிஷேல் கீலன் வந்தார். கிதார் மாறியும் குழுவின் ஒலி மாறவில்லை. பேஸ் போனதும் மாறியது. இந்த ஒப்பீட்டைத்தான் நான் முதலிலேயே வைத்திருக்க வேண்டும்.

1992இன் ‘டைம் ஃப்ளைஸ்’ ஆல்பத்தைக் கேளுங்கள். ‘ஹெடிங் ஃபார் எ ஃபால்’ நேர்த்தியான பாடல், நானும் விரும்பிக் கேட்பதுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒரு வாத்தியம் நின்றுகொண்டிருக்கிறது. 1995இன் ‘ரூட்ஸ் அண்ட் விங்ஸ்’ ஆல்பத்தில் சோல், புளூஸ் பக்கமாக இன்னும் நகர்ந்துவிட்டார்கள். ஸ்பானிய வாடை ஏறக்குறைய ஆவியாகிவிட்டது. அந்த ஆண்டுகளில் நல்ல கலைஞர்கள் வாசித்தார்கள், விற்பனையும் குறையவில்லை. எனினும் அது ஒரு பாடகியும் அவருக்கு வாசிப்பவர்களும் என்ற அமைப்பு. மூவர் பேசிக்கொள்ளும் குழு அல்ல.

மாலைநேர வானொலி எழுதியது:

அதில் ஒரு துயரமான பக்கத்தை விட்டுவிட்டீர்கள். ஸ்கௌஃப்ஸும் கிளைனும் இசையில் மட்டும் துணையாக இருந்தவர்கள் அல்லர். பிரிந்த பின், குழு உச்சத்தில் இருக்கும்போதே அவர் இறந்தார். அந்தப் பெயரையும் பாடல்களையும் தூக்கிக்கொண்டு அடுத்த ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராகப் பாடியவரிடம், ‘அந்தக் காலி இடம் எங்கே’ என்று நாம் கேட்பது சற்றே கொடுமையாகவும் படுகிறது. காலி இடத்தை நிரப்ப நினைத்ததே இயல்பு அல்லவா?

1996இல், தொகுப்பு ஆல்பம் வெளிவந்த கையோடு, களைப்பு மேலிட அவர் எல்லாவற்றையும் விட்டு விலகினார். எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் விற்றதாகப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு பெயரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, 1999இல் பர்ப்பிள் ப்ரோஸ் என்ற புதுப் பெயரில் ஒரு குழுவோடு வந்தார். பழைய பெயரை ஒட்டியிருந்தால் கடைக்காரர்கள் முன்வரிசையில் வைத்திருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை.

இரவுக்கூடம் எழுதியது:

இவ்வளவு ஆழமான இழையில் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நான் இந்தக் குழுவை அறிந்ததே 2011இல், மியூனிக்கின் மில்க் அண்ட் சுகர் என்ற ஹவுஸ் இசை இணையர் ‘நா நே நா’ பாடலை நடனக் கூடத்துக்காக மாற்றி வெளியிட்டபோதுதான். மூலப் பாடல் 1990இல் வந்தது என்பதே எனக்குத் தெரியாது. அந்த வடிவத்தையும் இந்த வரலாற்றில் சேர்ப்பீர்களா?

பழைய இசைத்தட்டு எழுதியது:

தாராளமாக. மூலத்தின் தாளத்தை அகற்றிவிட்டு, பல்லவியையும் குரலையும் மட்டும் நேரான நான்கடி டிரம்மின் மேல் நட்டார்கள். அதற்குப் பிறகும் பாட்டு நின்றது என்றால், மாலைநேர வானொலியின் கட்சிக்கு அது ஒரு சாட்சி: பேஸை முழுவதுமாக எடுத்துவிட்டும் மிச்சம் இருந்தது குரல். அடிநாதம் அவர்கள் இதற்கு என்ன சொல்கிறார் என்று ஆவலோடு காத்திருக்கிறேன்.

அடிநாதம் எழுதியது:

நின்றது என்பதை ஏற்கிறேன். எத்தனை முறை கேட்கத் தோன்றுகிறது என்று இரவுக்கூடம் அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இரவுக்கூடம் எழுதியது:

உண்மையைச் சொன்னால், மூலத்தைக் கேட்ட பிறகு மாற்று வடிவத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

பிரசெல்ஸ்வாசி எழுதியது:

மொழியைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி. கிளைன் 2004இல் ‘தி பிராமிஸ்’ ஆல்பத்தோடு பழைய பெயரில் திரும்பியபோது, ஆங்கிலத்தோடு ஸ்பானியப் பாடலும் அதில் இடம்பெற்றது. பெயரில் மட்டும் இருந்த ஸ்பானியம் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வாய்க்கு வந்து சேர்ந்தது என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். 2009இல் வந்த ‘கோம் ஓன் ஏ வெனு’ பிரெஞ்சு ஆல்பம். எண்பதுகளில் அவர் ஏன் பிரெஞ்சில் பாடவில்லை என்று கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: அப்போது ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தால் மற்றொரு பாதி நாட்டை இழக்க வேண்டும், ஐம்பத்தாறு வயதில் அவருக்கு எந்தப் பாதியையும் வெல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பிரெஞ்சில் பாடும்போது அவருடைய குரல் இன்னும் தாழ்ந்து, பேச்சுக்கு நெருங்கி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் அது. விற்பனை பற்றிப் பேசுவோர் அதை விரைவாகக் கடந்துவிடுவார்கள்.

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பாடல்களை மட்டும் சிறிய ஜாஸ் குழுவோடு பாடும் நிகழ்ச்சியையும் அவர் நடத்தினார். அடிநாதம் தேடும் காலி இடம் அங்கே இருந்தது. பாப் பாட்டுக்குள் அல்ல, ஜாஸுக்குள்ளேயே.

புதிய கேட்பாளர் எழுதியது:

2014ஆம் ஆண்டோடு மேடைக்கு விடை சொல்லிவிட்டார் என்று எங்கோ வாசித்தேன். அத்தோடு முடிந்ததா? எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கிக் கேட்பது நல்லது என்றும் சொல்லுங்கள். முதல் ஆல்பத்தை மட்டுமே முடித்திருக்கிறேன்.

மாலைநேர வானொலி எழுதியது:

முடியவில்லை. 2023இல், எழுபது வயதில், ‘ஷேட்ஸ் ஆஃப் ஜாய்’ ஆல்பத்தோடு திரும்பி வந்தார். பழைய பாடல்களைப் பொசா நோவா, ஜாஸ் சாயலில் மறுபடி அமைத்துப் பாடியிருக்கிறார். கிதார் கலைஞர் வில்லி லாம்பிரெக்ட் 2019இல் காலமானார். ஆகவே 1986இன் மூவரில் எஞ்சியவர் இவர் ஒருவரே.

தொடங்குவதற்கு ‘நைட் அவுல்ஸ்’. அதன்பின் நேராகப் பிரெஞ்சு ஆல்பத்துக்குத் தாவுங்கள். இடையில் உள்ளவற்றைப் பிறகு பார்க்கலாம்.

அடிநாதம் எழுதியது:

என் பரிந்துரை வேறு. முதல் ஆல்பத்தை ஒருமுறை கேட்ட காதோடு உடனே ‘ஷேட்ஸ் ஆஃப் ஜாய்’ கேளுங்கள். நான் இந்த இழையைத் தொடங்கக் காரணமே அந்த ஆல்பம்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வாத்தியங்கள் குறைக்கப்பட்டு, வேகம் தணிந்து, பழைய பாடல்களுக்குள் மறுபடியும் காற்று புகுந்திருக்கிறது. 1991க்குப் பிறகு காலி இடம் திரும்ப வரவே இல்லை என்று முதல் பதிவில் எழுதினேன். 32 ஆண்டுகள் கழித்து வந்திருக்கிறது என்று அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன். அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் கிளைன் என்பதையும் மாலைநேர வானொலி அவர்கள் சொல்லும் முன் நானே எழுதிவிடுகிறேன். ஆனால் கேட்கும்போது, நடுவில் குரல் நிற்கும் இடங்களில், பேஸை மட்டும் கவனியுங்கள். மற்றதை அடுத்த வாரம் பேசுவோம்.